வேகச் சேனலுக்கு மாறிய பின் தரவு சரியாக வரவில்லையா? கோஸ் நிலையங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ஆற்று நீர்மட்டம், மழையளவு, காற்று, கடல்மட்டம் ஆகியவற்றை அளக்கும் ஆயிரக்கணக்கான தானியங்கி நிலையங்கள் அமெரிக்கக் கண்டங்கள் முழுவதும் கோஸ் என்னும் அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்கள் வழியாகத் தரவு அனுப்புகின்றன. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா நடத்தும் இந்தத் தரவு சேகரிப்பு அமைப்பு 1970-களில் விநாடிக்கு 100 பிட் வேகத்தில் தொடங்கியது. மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடச் சாளரத்தில் (அந்த நிலையத்துக்கென ஒதுக்கிய நேரத்தில்), ஒரு செய்தி. அதன் இடத்தில் 300, 1200 பிட் வேகச் சேனல்கள் வந்தன. துறையில் 300 பாட், 1200 பாட் என்பார்கள். பிறகு 2009-ல் வெளியான சிஎஸ்2 என்னும் இரண்டாம் சான்றுத் தரம், 300 பாட் சேனல்களுக்கு இடையிலான இடைவெளியை 1500 ஹெர்ட்ஸிலிருந்து 750 ஹெர்ட்ஸாகக் குறைத்தது. இன்று ஒரு நிலையம் மணிக்கு ஒருமுறை, பெரும்பாலும் 10 விநாடிக்குள், தன் வேலையை முடித்துக்கொள்ள வேண்டும்.

வேகம் கூடியதைவிட விட்டுக்கொடுப்பு குறைந்ததுதான் பெரிய மாற்றம். 100 பாட் காலத்தில் கடிகாரம் அரை நிமிடம் பிசகினாலும், கேபிளில் ஈரம் புகுந்திருந்தாலும், திறன் பல மடங்கு அதிகமாக இருந்தாலும் செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்தது. புது டிரான்ஸ்மிட்டரைப் பழைய கம்பத்தில், பழைய கேபிளில், பழைய நிரலோடு மாட்டியதும் அத்தனை வருடக் குறைகளும் ஒரே நாளில் வெளியே வருகின்றன. உடனே பழி புதுக் கருவியின் மேல் விழுகிறது. பெரும்பாலும் அது அநியாயம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் தலைப்பு வரி

ஒவ்வொரு செய்தியின் முன்னாலும் தரை நிலையம் 37 எழுத்துகள் கொண்ட ஒரு தலைப்பு வரியைச் சேர்க்கிறது. முதல் எட்டும் நிலையத்தின் முகவரி. அடுத்த பதினொன்று செய்தி வந்த நேரம்: ஆண்டின் கடைசி இரு இலக்கங்கள், ஆண்டின் எத்தனையாவது நாள், மணி, நிமிடம், விநாடி, எல்லாம் உலகப் பொது நேரத்தில். பிறகு ஓர் எழுத்து: 'ஜி' என்றால் நல்ல செய்தி, கேள்விக்குறி என்றால் பாரிட்டிப் பிழை, அதாவது எழுத்து வழியில் கெட்டதா என்று பார்க்கும் சோதனையில் தேறவில்லை. அதையடுத்து சிக்னல் வலிமை இரண்டு இலக்கம், அலைவெண் விலகல் ஒரு குறியும் ஓர் இலக்கமும், பண்பேற்றக் குறி, தரக் குறி, மூன்று இலக்கச் சேனல் எண், கிழக்கா மேற்கா என்று சொல்லும் எழுத்து, மேலேறும் அலையின் நிலை, கடைசியாகச் செய்தியின் நீளம்.

இந்த ஒரு வரியைக் கடந்த ஒரு வாரத்துக்கு எடுத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். களத்துக்கு வண்டி எடுப்பதற்கு முன்பே பாதிக் காரணம் தெரிந்துவிடும். ஒற்றைச் செய்தியைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். நேரம், வலிமை, விலகல் மூன்றும் எப்படி நகர்கின்றன என்பதுதான் தடயம்.

சாதாரணச் செய்திகளோடு சேர்த்து, நோவாவின் நிர்வாக அமைப்பு பிழைக் குறிச் செய்திகளையும் அனுப்புகிறது. 'எம்' என்றால் எதிர்பார்த்த செய்தி வரவில்லை. 'டி' (டைம் என்பதன் முதல் எழுத்து) என்றால் நேரம் தவறி வந்தது. 'டபிள்யூ' தவறான சேனல், 'யூ' எதிர்பாராத செய்தி, 'ஏ' திருத்த முடிந்த முகவரிப் பிழை, 'பி' திருத்த முடியாத முகவரிப் பிழை, 'ஐ' பதிவிலேயே இல்லாத முகவரி. கீழே வரும் அறிகுறிகளில் இவை அடிக்கடி தலைகாட்டும்.

அறிகுறி: மாற்றிய நாளிலிருந்து ஒரு செய்தியும் இல்லை

வெறும் 'எம்' மட்டும் வரிசையாக வருகிறது என்றால், முதலில் டிரான்ஸ்மிட்டரிடமே கேளுங்கள். எல்லா நவீனக் கருவிகளும் கடைசியாக அனுப்பிய நேரம், அது வெற்றியா தோல்வியா, ஜிபிஎஸ் கிடைத்ததா, அனுப்பும்போது மின்னழுத்தம் எவ்வளவு, முன்செல்லும் திறன், திரும்பி வரும் திறன் ஆகியவற்றை வைத்திருக்கின்றன. அங்கிருந்து இரண்டு பாதைகள் பிரிகின்றன.

அனுப்பவே இல்லை என்று கருவி சொன்னால், ஜிபிஎஸ் ஆன்டெனாவைப் பாருங்கள். ஜிபிஎஸ் நேரம் பிடிபடாமல் கருவி முதல் செய்தியை அனுப்பாது. இரும்புக் கூரைக்கு அடியில் ஆன்டெனாவை ஒட்டிவைத்துவிட்டு வருவது நம்ப முடியாத அளவுக்குச் சகஜம். ஜிபிஎஸ் சரி என்றால், அனுப்பு நினைவகம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். உணரி அளவுகளைப் பதிந்துவைக்கும் டேட்டா லாகரின் நிரல் இன்னமும் பழைய கருவியின் கட்டளைகளைப் பேசிக்கொண்டிருக்கலாம். மூன்றாவது சாத்தியம் ஃபெயில்சேஃப் என்னும் தற்காப்புத் தடை. ஒரு கருவி சேனலை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் மற்ற எல்லோருக்கும் கெடுதல் என்பதால், அனுமதித்த நீளத்தை மீறி ஒலிபரப்பும் கருவியை அதுவே வாயடைத்துவிடும். 300 பாட், 1200 பாட் இரண்டிலும் அந்த எல்லை ஏறத்தாழ 110 விநாடி. ஒருமுறை விழுந்த தடை தானாக விலகாது. நேரில் போய் மீட்டமைக்க வேண்டும். மீட்டமைத்துவிட்டு அப்படியே கிளம்பாதீர்கள். ஏன் விழுந்தது என்று தெரியாவிட்டால் அடுத்த வாரமும் அதே ஏணியில் ஏறுவீர்கள்.

அனுப்பிவிட்டேன் என்று கருவி சாதித்தால், சிக்கல் பெரும்பாலும் நோவா ஒதுக்கியதற்கும் கருவியில் நீங்கள் அமைத்ததற்கும் இடையில் இருக்கிறது. அலையிலிருந்து தரவைப் பிரித்தெடுக்கும் தரை நிலையத்துப் பண்பிறக்கி அந்தச் சேனலுக்கு என்ன வேகம் ஒதுக்கப்பட்டதோ அதை மட்டுமே கேட்கும். 300 சேனலில் 1200 பேசினால் யாரும் கேட்கமாட்டார்கள், 'எம்' தவிர வேறு பிழைக் குறி வராது. சேனல் எண்ணையும் சரிபாருங்கள். சிஎஸ்2 வந்தபோது பழைய 266 சேனல்களுக்கு நடுவே புகுந்த புதிய சேனல்கள் 301 முதல் 566 வரை எண் பெற்றன. 267 முதல் 300 வரை எண்களே கிடையாது. 45 ஒதுக்கப்பட்ட இடத்தில் 345 என்று தட்டிவிட்டால் 750 ஹெர்ட்ஸ் தள்ளிப்போய் வேறொருவரின் சேனலில் உட்கார்ந்துவிடுவீர்கள்.

ஆன்டெனாவின் திசையைக் கடைசியாகப் பாருங்கள். யாகி ஆன்டெனாவின் கற்றை அகலமானது. ஐந்து, பத்து டிகிரி பிசகினால் வலிமை கொஞ்சம் குறையுமே தவிர, முழுமையான மௌனம் வராது. ஆனால் கிழக்குச் செயற்கைக்கோள் நிற்பது மேற்கு தீர்க்கரேகை 75.2 டிகிரியில், மேற்குச் செயற்கைக்கோள் நிற்பது ஏறத்தாழ 137 டிகிரியில். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் குறிவைத்தால் மௌனம் நிச்சயம்தான். குறுக்கு யாகியைக் கழற்றி மறுபடி பூட்டும்போது இணைப்புக் கம்பிகளை மாற்றி மாட்டினால் வலச்சுழல் அலை இடச்சுழலாகிவிடும். செயற்கைக்கோள் அதை ஏறக்குறையக் கேட்காது. கம்பம் மாற்றிய நாளிலிருந்து மௌனம் என்றால் இதை மறக்க வேண்டாம்.

அறிகுறி: செய்தி வருகிறது, ஆனால் 'டபிள்யூ', 'யூ', 'ஐ' ஒட்டிக்கொண்டே வருகிறது

கருவியைத் தொடாதீர்கள். நோவாவின் அமைப்பில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு விவரப் பட்டியல் இருக்கிறது: வேகம், சேனல், முதல் அனுப்பு நேரம், சாளர நீளம், டிரான்ஸ்மிட்டர் வகை. களத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு இந்தப் பட்டியலைப் பழையபடியே விட்டுவைப்பதுதான் வேகச் சேனலுக்கு மாறும்போது நடக்கும் மிகச் சாதாரணமான பிழை. அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே தீர்ந்துவிடும். 'ஐ' மட்டும் வேறு கதை. எட்டு எழுத்து முகவரியில் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டியிருக்கலாம். முகவரிக்குள்ளேயே பிழை திருத்தும் குறியீடு இருப்பதால், ஓர் எழுத்து மாறினால் அது வேறொரு செல்லுபடியாகும் முகவரியாவது அரிது. அந்த வடிவமைப்புக்கு நன்றி சொல்லிவிட்டுத் தட்டச்சைத் திருத்துங்கள்.

அறிகுறி: நேரம் தவறுகிறது

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். சிஎஸ்2 கேட்கும் நேரத் துல்லியம் கூட்டவோ குறைக்கவோ கால் விநாடி. பத்து விநாடிச் சாளரங்கள் ஒன்றையடுத்து ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும் சேனலில், நீங்கள் இரண்டு விநாடி தாமதித்தால் உங்கள் வாலும் அடுத்தவரின் தலையும் மோதும். இரண்டு நிலையங்களின் தரவும் கெடும். புகார் வருவது பெரும்பாலும் அவரிடமிருந்துதான்.

தலைப்பு வரியிலுள்ள வருகை நேரத்தை ஒதுக்கப்பட்ட நேரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை நாள் வாரியாக எழுதுங்கள். வித்தியாசத்தின் உருவமே காரணத்தைச் சொல்லும்.

எப்போதும் தாமதம், அதுவும் செய்தி குட்டையாக இருக்கும்போது அதிகம், நீளமாக இருக்கும்போது குறைவு என்றால் அது பிழையே அல்ல. செய்தியைச் சாளரத்தின் நடுவில் வைக்கும் அமைப்பு இயக்கத்தில் இருக்கிறது. நான்கு விநாடிச் செய்தியைப் பத்து விநாடிச் சாளரத்தின் நடுவில் வைத்தால் அது மூன்று விநாடி கழித்துத்தான் தொடங்கும். அப்படியே விடுங்கள், அக்கம்பக்கத்தாருக்கு நல்லது.

சரியாக 18 விநாடி வித்தியாசம் என்றால் விடை கையில் இருக்கிறது. உலகப் பொது நேரத்தில் அவ்வப்போது சேர்க்கப்படும் லீப் விநாடிகளை ஜிபிஎஸ் கடிகாரம் கணக்கில் எடுப்பதில்லை. 2017 ஜனவரி 1 முதல் அது உலகப் பொது நேரத்தைவிட 18 விநாடி முன்னால் ஓடுகிறது. அந்தத் திருத்தம் ஜிபிஎஸ் செய்தியின் ஒரு பகுதியாக வருகிறது. முழுச் செய்தியும் ஒருமுறை வந்து முடிய 12.5 நிமிடம் ஆகும். மின்சாரம் போட்ட உடனேயே வானம் பாதி மறைந்த இடத்தில் முதல் செய்தியை அனுப்ப நேர்ந்தால், திருத்தம் கிடைப்பதற்கு முன்பே கருவி பேசத் தொடங்கிவிடலாம். முதல் ஓரிரு செய்திகளில் மட்டும் இப்படி நடந்து பிறகு சரியாகிவிட்டால் கவலை வேண்டாம். தொடர்ந்து 18 என்றால் உள்நிரல் பழையது, அல்லது யாரோ ஜிபிஎஸ் நேரத்தை நேரடியாகப் பயன்படுத்தும்படி அமைத்திருக்கிறார்கள். தேதியே பல வருடம் பின்னால் போய்விட்டதா? 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் ஜிபிஎஸ்ஸின் 1024 வார எண்ணிக்கை மீண்டும் பூஜ்யத்துக்குத் திரும்பியது. அதற்குத் தயாராக இல்லாத பழைய ஏற்பிகள் ஏறத்தாழ 20 ஆண்டு பின்னோக்கிப் போய்விடுகின்றன. உள்நிரலைப் புதுப்பியுங்கள், முடியாவிட்டால் ஏற்பியை மாற்றுங்கள்.

நாளுக்கு நாள் மெல்ல மெல்ல வளரும் பிசகு ஜிபிஎஸ் இழப்பைக் காட்டுகிறது. கருவி தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. 28 நாள் ஜிபிஎஸ் இல்லாமல் போனால் அது ஒலிபரப்பை நிறுத்திவிடும். எனவே "மாதம் ஒருமுறை நின்றுபோகிறது, மறுதொடக்கம் செய்தால் ஓடுகிறது" என்று யாராவது சொன்னால் டிரான்ஸ்மிட்டரைப் பிரிக்காமல் ஜிபிஎஸ் ஆன்டெனாவின் கேபிளை மாற்றுங்கள். எலி கடித்த கேபிளாகவும் இருக்கலாம், பறவைக்கூடு மூடிய ஆன்டெனாவாகவும் இருக்கலாம்.

அறிகுறி: செய்தி பாதியில் வெட்டப்படுகிறது, அல்லது சில மணிகளில் மட்டும் காணவில்லை

கணக்குப் போடுங்கள். 300 பாட் என்றால் விநாடிக்கு 37.5 எழுத்துகள். ஒவ்வொரு செய்தியும் அரை விநாடி வெறும் அலையோடு தொடங்குகிறது. பிறகு ஒத்திசைவுக் குறிகள், முகவரி, கொடிச்சொல். இறுதியில் முடிவுக் குறி. இதற்கெல்லாம் ஏறத்தாழ 0.8 விநாடி போய்விடும். பத்து விநாடிச் சாளரத்தில் மிஞ்சுவது காகிதக் கணக்கில் சுமார் 340 எழுத்துகள். 320-க்கு மேல் திட்டமிடாமல் இருப்பதே நல்லது.

ஆறு உணரிகள், ஒவ்வொன்றுக்கும் 15 நிமிட அளவீடு, இந்த மணிக்கான நான்கோடு போன மணிக்கான நான்கும் திரும்ப அனுப்பப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்களை அப்படியே எழுத்தாக அனுப்பினால் ஒரு மதிப்புக்கு இடைவெளி உட்பட ஆறு எழுத்து, தலைப்புக்குப் பத்து: ஓர் உணரிக்கு 58, ஆறுக்கு 348. சாளரம் பொங்கி வழிந்துவிட்டது. கோடையில் மதிப்புகள் ஓரிலக்கம் குறைவாக இருப்பதால் பொருந்தும், வெள்ளக் காலத்தில் ஓரிலக்கம் கூடுவதால் பொருந்தாது. தரவு மிக வேண்டிய நேரத்தில் மட்டும் செய்தி தொலைந்துபோகும் கொடுமை இப்படித்தான் நேர்கிறது. சில கருவிகள் உபரியை வெட்டிவிடும், சில முழுச் செய்தியையும் நிராகரித்துவிடும். உங்கள் கருவி எந்த வகை என்று கையேட்டில் பாருங்கள்.

தீர்வு போலி இரும எழுத்து முறை. ஒரு மதிப்பு மூன்று எழுத்தில் அடங்கும். ஓர் எழுத்து ஆறு பிட்டைச் சுமப்பதால் மொத்தம் 18 பிட், அதாவது 1,31,071 வரையிலான எண்கள், எதிர்மறைப் பக்கமும் அதே அளவு. மேலே சொன்ன அதே செய்தி 144 எழுத்துகளில் முடிந்துவிடும். கண்ணால் படிக்க முடியாது என்ற முணுமுணுப்பு எப்போதும் எழும். படிப்பது கணினிதான் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அறிகுறி: கேள்விக்குறியும் டாலர் குறிகளும்

செய்தியில் ஆங்காங்கே டாலர் குறி இருந்தால், அந்த இடத்து எழுத்து பாரிட்டிச் சோதனையில் தேறவில்லை என்று பொருள். தலைப்பில் தரக் குறி 'என்' (இயல்பு) என்பதிலிருந்து 'எஃப்' (சுமார்), பிறகு 'பி' (மோசம், புவர் என்பதன் முதல் எழுத்து) என்று இறங்கும். மோசம் என்பது பத்தாயிரம் பிட்டுக்கு ஒன்றுக்கு மேல் பிழை.

ஏன் 100 பாட்டில் இது இவ்வளவு தெரியவில்லை? அங்கே அலையின் கட்டம் (ஒரு சுழற்சியில் அலை நிற்கும் கோணம்) இரண்டே நிலைகளுக்கு இடையில் மாறியது. வேகச் சேனல்கள் எட்டு நிலைகளைப் பயன்படுத்துகின்றன. 300 பாட்டில் விநாடிக்கு 150 குறிகள், ஒவ்வொன்றும் வட்டத்தில் 45 டிகிரிக்கு ஒன்றாக நிற்கும் எட்டுப் புள்ளிகளில் ஒன்று. கட்டம் 22.5 டிகிரி பிசகினால் அடுத்த புள்ளியின் எல்லைக்குள் போய்விடும். இடையில் பிழை திருத்தும் குறியீடு ஒன்று தாங்கிப் பிடிக்கிறது, அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆகவே கட்டத்தைக் கலைக்கும் எதுவும் இங்கே எதிரி.

முதல் சந்தேகம் மின்னழுத்தம். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, அனுப்பும் கணத்தில் மெல்லிய கம்பி வழியாக ஆம்பியர் கணக்கில் இழுக்கும்போது எங்கே விழுகிறது என்று பாருங்கள். அளக்க வேண்டியது பேட்டரி முனையில் அல்ல, டிரான்ஸ்மிட்டரின் முனையில். பிழைகள் செய்தியின் தொடக்கத்தில் குவிந்திருந்தால் இந்தச் சந்தேகம் வலுக்கும்.

இரண்டாவது அதிர்வு. அலைவெண்ணைக் கொடுக்கும் படிகம் இயந்திர அதிர்வுக்கு அசையக்கூடியது. பம்ப் ஓடும் நேரத்தில் மட்டும் பிழை வருகிறதா என்று பம்ப் பதிவோடு ஒப்பிடுங்கள். டிரான்ஸ்மிட்டரை அதே சுவரில் திருகி வைத்திருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

மூன்றாவது பக்கத்துச் சேனல். இடைவெளி பாதியானபோது, பழைய தரத்துக் கருவிகளும் புதியவையும் அருகருகே வாழவேண்டி வந்தது. பழையவற்றின் அலை அகலமானது. பிழை ஒவ்வொரு மணியும் செய்தியின் அதே பகுதியில் விழுந்தால், அதே விநாடியில் பக்கத்துச் சேனலில் யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். இதை நீங்களாகத் தீர்க்க முடியாது. சான்றுகளோடு நோவாவின் ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு எழுதி, நேரத்தையோ சேனலையோ மாற்றக் கேளுங்கள்.

மழையைக் குற்றம் சொல்ல வேண்டாம். 402 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளை மழை ஏறக்குறைய உறிஞ்சுவதில்லை. மழைநாளில் மட்டும் கெட்டால், நனைந்த இலைகள் பார்வைக் கோட்டில் நிற்கின்றன, அல்லது தண்ணீர் இணைப்பானுக்குள் போயிருக்கிறது.

அறிகுறி: சிக்னல் வலிமை கூடுதல், அல்லது குறைவு

குறைவாக இருந்தால் எல்லோரும் கவலைப்படுவார்கள். கூடுதலாக இருந்தால் பெருமைப்படுவார்கள். இரண்டும் பிழை. சிஎஸ்2 தரத்தில் வலச்சுழல் அலையின் கதிர்வீச்சுத் திறன் 300 பாட்டுக்கு 37 முதல் 41 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்ட டெசிபெல் அளவு), 1200 பாட்டுக்கு 43 முதல் 47. 11 டெசிபெல் ஆதாயமுள்ள ஆன்டெனா, 1 டெசிபெல் கேபிள் இழப்பு என்றால், 300 பாட்டுக்கு டிரான்ஸ்மிட்டரிலிருந்து வெளிவர வேண்டியது அரை வாட்டிலிருந்து 1.25 வாட் வரைதான். பழைய பழக்கத்தில் 10 வாட்டை வைத்தால் 50 டிபிஎம் ஆகிவிடும். மேல் எல்லையைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு. செயற்கைக்கோளின் திறனை எல்லா நிலையங்களும் பகிர்ந்துகொள்கின்றன. ஒருவர் கத்தினால் மற்றவர்களின் பங்கு குறையும். 750 ஹெர்ட்ஸ் இடைவெளியில் பக்கத்துச் சேனலும் கலங்கும். ஆன்டெனா மாற்றும்போதெல்லாம் இந்தக் கூட்டல் கழித்தலைப் புதிதாகப் போட்டுத் திறனை அமையுங்கள்.

வலிமை குறைவாக இருந்தால் திரும்பி வரும் திறனைப் பாருங்கள். முன்செல்வதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் திரும்பினால் இணைப்பு எங்கோ கெட்டிருக்கிறது. திரும்புவது மிகக் குறைவு, ஆனாலும் வலிமை இல்லை என்ற விசித்திரமான நிலைதான் பலரைச் சுற்றலில் விடும். தண்ணீர் புகுந்த கேபிள் போகும் திறனையும் விழுங்கும், திரும்பும் திறனையும் விழுங்கும். அளவுக் கருவிக்கு எல்லாம் அருமையாகத் தெரியும். வலிமை வாரக்கணக்கில் மெதுவாக இறங்கிக்கொண்டே வந்தால், அளவைப் பார்த்து ஏமாறாமல் கேபிளை மாற்றிவிடுங்கள். இணைப்பானைத் திறந்து துடைத்து மூடுவது சில மாத நிம்மதிக்கு மட்டுமே உதவும்.

அறிகுறி: அலைவெண் விலகுகிறது

தலைப்பில் விலகல் 50 ஹெர்ட்ஸ் படிகளில் வருகிறது. கூட்டல் குறியோடு 2 என்றால் 100 ஹெர்ட்ஸ் மேலே. சிஎஸ்2 தருவது 125 ஹெர்ட்ஸ் மட்டும், அதாவது பத்து லட்சத்தில் ஏறத்தாழ 0.3 பங்கு. விலகலை வெப்பநிலையோடு சேர்த்து வரைந்து பாருங்கள். இரவு ஒரு பக்கமும் பகல் மறுபக்கமும் ஆடினால், ஜிபிஎஸ் கொண்டு தன்னைத் திருத்திக்கொள்ளும் வேலையைக் கருவி செய்யவில்லை. ஒரே பக்கமாக மாதக்கணக்கில் நகர்ந்தால் படிகம் மூப்படைகிறது. தொழிற்சாலைக்கு அனுப்பத்தான் வேண்டும்.

அறிகுறி: இரவில் மட்டும் நின்றுபோகிறது

பேட்டரி. 300 பாட் செய்தி குட்டையானது என்பதால் ஒரு செய்திக்கான மின்செலவு குறைவுதான். ஆனால் நான்கு மணிக்கு ஒருமுறை போனது இப்போது மணிக்கு ஒருமுறை போகிறது. ஜிபிஎஸ்ஸும் அடிக்கடி விழிக்கிறது. சூரியத் தகட்டின் கணக்கைப் புதிதாகப் போடுங்கள்.

அறிகுறி: எல்லாம் நல்ல செய்தி, ஆனால் மதிப்புகள் ஒரு மணி பழையவை

தலைப்பில் 'ஜி', தரம் இயல்பு, வலிமை சரி. ஆயினும் ஆறு ஒரு மணி நேரம் தாமதமாக உயருகிறது. இங்கே இரண்டு கடிகாரங்கள் இருப்பதை மறந்துவிடுகிறோம். டிரான்ஸ்மிட்டருக்கு ஜிபிஎஸ் இருக்கிறது, லாகருக்குத் தனிக் கடிகாரம். லாகர் புது மதிப்புகளை நினைவகத்தில் எழுதுவதற்குள் அனுப்பும் நேரம் வந்துவிட்டால், ரயில் புறப்பட்ட பிறகு நடைமேடைக்கு ஓடிவரும் பயணியைப் போல அவை அடுத்த மணி வரை காத்திருக்கும். டிரான்ஸ்மிட்டரின் நேரத்தைக் கொண்டு லாகரை நாளுக்கு ஒருமுறை திருத்துங்கள். அனுப்புவதற்கு ஒரு நிமிடம் முன்னதாகவே எழுதி முடிக்கும்படி நிரலை அமையுங்கள்.

லாகரை உள்ளூர் நேரத்தில் ஓடவிட்டிருந்தால் பெரும்பாலான இடங்களில் நிமிடங்கள் பொருந்திவிடுவதால் யாருக்கும் தெரியாது. நியூஃபவுண்ட்லாந்து போல அரைமணி வித்தியாசமுள்ள இடத்தில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். எங்கிருந்தாலும் உலகப் பொது நேரத்தையே வையுங்கள்.

அறிகுறி: தற்செயல் சேனலில் அனுப்பிய எச்சரிக்கை சில வரவில்லை

பழுது இல்லை. நீர்மட்டம் எல்லை தாண்டியதும் குட்டைச் செய்தியை அனுப்பும் தற்செயல் சேனலில் யாரும் யாருக்கும் நேரம் ஒதுக்குவதில்லை. இரண்டு நிலையங்கள் ஒரே கணத்தில் பேசினால் இரண்டும் போய்விடும். போய்ச் சேர்ந்தது என்ற பதிலும் திரும்பி வராது. அதனால்தான் கருவி அதே செய்தியைச் சில நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்பச் சொல்கிறது. செய்தியை இன்னும் சுருக்குங்கள், மறுமுறைகளின் எண்ணிக்கையை அளவாக வையுங்கள். பெருமழை நாளில் எல்லோரும் பத்து முறை கத்தினால் யாருடைய குரலும் கேட்காது.

அறிகுறி: பல நிலையங்கள் ஒரே நேரத்தில் காணாமல் போயின

களத்துக்குப் போகவே வேண்டாம். வேறு வேறு ஊர், வேறு வேறு சேனல், ஒரே பத்து நிமிடம் என்றால் குறை உங்கள் தரை ஏற்பியில் இருக்கிறது. வடகோளத்தில் மார்ச் மாதத் தொடக்கத்தையும் அக்டோபர் தொடக்கத்தையும் ஒட்டிய சில நாட்களில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து சில நிமிடங்கள் ஏற்பியைக் குருடாக்கும். கோஸ்-16 முதலான செயற்கைக்கோள்கள் தரவு இறங்கும் அலைவெண்ணை 1694.5 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1680-ஐ ஒட்டிய பகுதிக்கு மாற்றின. பழைய வடிகட்டியை வைத்திருப்பவர்களுக்கு எதுவும் கேட்காது. சொந்த டிஷ்ஷில் தொலைந்தது வர்ஜீனியாவின் வாலப்ஸ் நிலையத்திலோ, சியூ ஃபால்ஸில் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் நடத்தும் ஏற்பகத்திலோ இருக்கிறதா என்று இணையம் வழியாகப் பாருங்கள். அங்கே இருந்தால் உங்கள் நிலையங்கள் நலம். பெறுவதற்கு எப்போதும் இரண்டு வழிகளைத் திறந்து வையுங்கள். இரண்டிலிருந்தும் ஒரே செய்தி வரும்போது, முகவரியையும் வருகை நேரத்தையும் ஒப்பிட்டு ஒன்றை நீக்கும்படி தரவுத்தளத்துக்குச் சொல்லிவைத்தால் இரட்டைப் பதிவுத் தொல்லையும் இராது.